அகலம் சரியாக வரவில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

முதல்முறை ஜி.டி. (கிராண்ட் டிரங்க்) எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்ததைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு இரவு, இடார்சியில் வாங்கிய ஆறிப்போன பூரி, புது தில்லி ஸ்டேஷனில் இறங்கி ஹிந்தி தெரியாமல் முழித்தது, எல்லாம் எனக்கும் நடந்ததுதான். கட்டுரையின் கடைசியில், சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்துக்கு இருபது தடவையாவது போயிருப்பேன் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக்காரர் மத்திய அரசில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. ஜனக்புரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். பையன் கல்யாணமாகி குர்காவுன் போனதும், அவன் அறையில் எட்டடிக்கு நாலடி பிளைவுட்டைப் போட்டு, அதன்மேல் திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பள்ளிக்கூடம் படித்த காலத்துத் திருத்துறைப்பூண்டியாம். வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தோடு அந்த அறைக்குள் நுழையக்கூடாது. ஒரு சாண் நீள எஞ்சின் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. கஸ்டம்ஸ் எல்லாம் கட்டி அதற்கு ஆன பணத்தில் நான் ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருப்பேன். ராத்திரி பத்து மணிக்கு, ஊரில் எண்பது வயது தாண்டிய ஒரு பழைய பாயின்ட்ஸ்மேனுக்கு (வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர்) போன் போட்டு, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தூண் பிளாட்பாரத்துக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கிறார். இதற்கு நடுவில் ஆறு மாதமாக ஒரே புலம்பல்: "அகலம் சரியா வரலை." எதன் அகலம் என்று கேட்டால், சொன்னால் உனக்குப் புரியாது என்கிறார்.

பையன், "இது நாஸ்டால்ஜியா, விட்டுடும்மா" என்கிறான். மருமகள் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். "வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டறதுக்குப் போட்ட பாதை, அதுக்குப் போய் மாமா இப்படி உருகறாரே" என்கிறாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் படுகிறது. கரி எஞ்சின் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் உலகம் முழுக்க இப்படிப் பலகையில் ரயில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களாமே! அப்படி இதில் என்னதான் சார் இருக்கிறது?

– ஜனக்புரி வாசகி (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்த அகலப் புலம்பலில். சொன்னால் புரியாது என்று அவர் சொன்னது தப்பு. நான் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் ரயிலில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஹெச்ஓ என்கிற அளவு. நிஜத்தில் 87 அடி இருப்பது பலகையில் ஓர் அடி. இதில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 1435 மில்லிமீட்டர் வரும். நாலடி எட்டரை அங்குலம். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் நிஜத் தண்டவாளம் அந்த அகலம்தான். இங்கிலாந்தின் வடகிழக்கில் நிலக்கரி இழுத்த வண்டிப் பாதைகளின் அகலம் அப்படியே ரயில் முன்னோடிப் பொறியாளர் ஸ்டீஃபன்சன் கைக்கு வந்து, அங்கிருந்து உலகத்துக்குப் போனது. (ரோமானியத் தேரின் அகலம் என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுகிறது. சுவாரசியமான கதை, அவ்வளவுதான்.)

அந்த ஹெச்ஓ என்ற பெயருக்குப் பின்னாலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில்களுக்கு நிலையான அளவுகளைக் கொண்டுவந்து அவற்றுக்கு எண் கொடுத்தது. எண் குறையக் குறைய ரயிலும் சிறியது. ஒன்றாம் நம்பருக்கும் கீழே போக வேண்டி வந்தபோது எண் தீர்ந்துவிட்டது. சரி, பூஜ்யம் என்று வைத்தார்கள். அந்தப் பூஜ்யத்தை ஜனங்கள் 'ஓ' என்று படித்தார்கள். பிறகு அதிலும் பாதி வந்தது, அது பாதி ஓ, ஆங்கிலத்தில் ஹாஃப் ஓ. அதுதான் ஹெச்ஓ.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். இந்தியாவின் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், ஐந்தரை அடி. 87இல் ஒரு பங்கு என்றால் 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. நம் ஊர் டீசல் எஞ்சினைச் சரியான அளவில் செய்து அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால், ஸ்கூல் பிரேயரில் கால்களை ஒட்டிவைத்து நிற்கிற பையன் மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். என்ன என்று சொல்லத் தெரியாது.

உங்கள் வீட்டுக்காரரின் சங்கடம் இதற்கு நேர் எதிர். அவர் காலத்துத் திருத்துறைப்பூண்டி மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். ஆயிரம் மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5 வரும். அந்த அளவில் கடையில் தண்டவாளம் கிடையாது. 12 கிடைக்கும், 9 கிடைக்கும், 16.5 கிடைக்கும்.

'அரை மில்லிமீட்டருக்கா இவ்வளவு?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். எட்டடிப் பலகையை 87ஆல் பெருக்கினால் 212 மீட்டர். ஒரு முழு ரயில் நிற்கும் பிளாட்பாரத்துக்கே அது போதாது. எனவே நீளத்தில் அவர் ஏற்கெனவே தாராளமாகப் பொய் சொல்லியிருப்பார். எல்லோரும் செய்வதுதான். பிளாட்பாரத்தைச் சுருக்குவார்கள், பன்னிரண்டு பெட்டி வண்டியை ஐந்தாக்குவார்கள், கண் அதை மன்னித்துவிடும். நீளத்தில் பொய் சொன்னவர் அகலத்தில் ஏன் அடம் பிடிக்கிறார்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

டல்ஹவுசி பிரபு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வருவதற்கு முன்னால் பிரிட்டனில் வர்த்தக வாரியத்தில் இருந்தவர். ரயில்வே பைத்தியம் தலைக்கேறியிருந்த 1840களில் அங்கே ரயில்வே விவகாரங்கள் அவர் மேசைக்குத்தான் வந்தன. அப்போது அங்கே ஒரு அகலச் சண்டை நடந்துகொண்டிருந்தது. புருனல் என்ற பொறியாளர் தன் பாதையை ஏழடி அகலத்தில் போட்டிருந்தார். மற்றவர்கள் நாலடி எட்டரை அங்குலம். இரண்டும் சந்திக்கிற குளூஸ்டர் ஊரில் சரக்கையெல்லாம் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றவேண்டும். கூச்சல், குழப்பம், உடைசல். இதைப் பார்த்துவிட்டு வந்த டல்ஹவுசி, இந்தியாவுக்கு ஒரே அகலம்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு ஆறடி ஆசை. கம்பெனிக்காரர்கள் இங்கிலாந்து அளவே போதும் என்றார்கள். அகலம் கூடினால் எஞ்சினின் உறுப்புகளுக்கு இடம் கிடைக்கும், புயல்காற்றில் வண்டி நிலையாக நிற்கும் என்றெல்லாம் வாதம் நடந்து, கடைசியில் ஐந்தரை அடியில் முடிந்தது.

இங்கே உங்கள் மருமகள் சொன்னது வருகிறது. அவர் சொன்னது முழுக்க உண்மை. இந்திய ரயில்பாதைகளில் பணம் போட்ட லண்டன் முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வருமானம் உத்தரவாதம் கொடுத்தார்கள். பாதையில் அவ்வளவு லாபம் வராவிட்டால் மீதி இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து போகும். எப்படியும் 5 சதவீதம் வரும் என்றால் யார் சிக்கனமாகக் கட்டுவார்கள்? செலவு எகிறியது. அதைத் தாங்கமுடியாமல்தான் 1869 வாக்கில் அரசாங்கமே பாதை போடத் தொடங்கியது. மலிவாகப் போடவேண்டும், எனவே குறுகலாகப் போடு. 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் மீட்டர் கேஜ் முடிவானது. ஏன் மீட்டர்? இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவுக்கு மாறப்போகிறது என்று அப்போது நினைத்தார்கள். நிஜமாக மாறியது 1950களின் கடைசியில். நம் ஊர் கடையில் வீசையும் பலமும் ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, எண்பது வருஷம் முந்தி, மாயவரத்திலும் கும்பகோணத்திலும் தரையில் ஒரு மீட்டர் அளந்து போட்டு வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

உங்கள் வீட்டுக்காரருடைய டெல்டாவின் கதை இன்னும் விசேஷம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில் போட்ட பாதை முதலில் அகலப்பாதைதான். தென்னிந்திய ரயில்வே வந்த பிறகு, 1870களில், அதைப் பிடுங்கி மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் அப்படியே ஓடியது. 1992இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்ற திட்டம் வந்து, மறுபடி பிடுங்கி அகலமாக்கினார்கள். டல்ஹவுசி கேட்ட ஒரே அகலத்துக்கு ஊர் சுற்றி வந்து சேர நூற்றைம்பது வருஷம் ஆனது.

நான் 1978இல் தில்லி வந்தேன். கரோல் பாக்கில் மொட்டைமாடி அறை, பர்சாத்தி. ஊர் மாயவரம் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை ஜி.டி.யில் சென்ட்ரல் வரை. அந்த ஜி.டி.யே ஒரு விடுபட்ட துண்டு சேர்ந்ததால் வந்த வண்டி. காசிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் நடுவில் பாதை 1920களின் கடைசியில்தான் முடிந்தது. 1929இல் ஜி.டி. புறப்பட்டது. அப்போது அது பெஷாவரிலிருந்து மங்களூர் வரை போனது. சரி, நம் கதைக்கு வருவோம். சென்ட்ரலில் இறங்கியதும் என்ன செய்வோம்? உங்களுக்குத் தெரியும். டிரங்குப் பெட்டி, ஹோல்டால், தில்லியிலிருந்து தங்கைக்கு வாங்கிய ஸ்வெட்டர் மூட்டை (மாயவரத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை), கையில் ஒரு குழந்தை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோக்காரரோடு சண்டை போட்டு, எழும்பூர் போய், மறுபடி ஒரு போர்ட்டர், மறுபடி ஒரு பிளாட்பாரம், மறுபடி ஒரு காத்திருப்பு. உங்கள் வீட்டுக்காரருக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ், எனக்கு வேறு ஏதாவது. இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரே ஊர், ஒரே ரயில்வே, ஒரே டிக்கெட்கூட. பிறகு எதற்கு இந்த லோல்?

எதற்கு என்றால், சென்ட்ரலில் 1676, எழும்பூரில் 1000. அந்த 676 மில்லிமீட்டரைத்தான் இருபது வருஷம் நாம் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். குளூஸ்டரில் டல்ஹவுசி பார்த்துப் பயந்த அதே கூத்து. எனக்கு அப்போது இது தெரியாது. மெட்ராஸ்காரர்கள் நம்மை வதைப்பதற்காகவே இரண்டு ஸ்டேஷன் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் வீட்டுக்காரரும் அப்படி நினைத்திருக்கலாம். இப்போது பலகை முன்னால் உட்கார்ந்து வெர்னியர் அளவுகோலை வைத்து அளக்கும்போது, யாரோ எப்போதோ எடுத்த முடிவு விரல் நுனியில் தட்டுப்படுகிறது. ரயில் வரலாறு எத்தனையோ பேரைப் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ரயில்பாதையில் காரணமில்லாமல் எதுவும் இருக்காது. ஊருக்கு இரண்டு மைல் தள்ளி ஸ்டேஷன் இருக்கிறதா, ஒரு காரணம். வளைவு இருக்கிறதா, ஒரு காரணம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளிக்கு ஒரு கிளை பிரிகிறதே, அதற்குக் காரணம் உப்பு. தோண்டினால் கிடைக்கும். வேறு எந்த இயந்திரமும் இப்படித் தன் காரணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதில்லை. கரி எஞ்சினைப் பாருங்கள். பிஸ்டன் தள்ளுகிறது, கம்பி நகர்கிறது, சக்கரம் சுற்றுகிறது, எல்லாம் வெளியே, நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிகிற மாதிரி. உங்கள் கையில் இருக்கும் போனில் இந்த மாதிரி எதையாவது பார்க்க முடியுமா?

உங்கள் பையன் நாஸ்டால்ஜியா என்கிறார். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஏக்கம்தான் என்றால் ஒரு பழைய போட்டோ போதும், சுவரில் மாட்டிவிட்டுப் பெருமூச்சு விடலாம். ஏக்கப்படுகிறவர் ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர்த் தூண் எந்தப் பக்கம் என்று போன் போடமாட்டார். ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைசி முனையில் கேமராவோடு நிற்கிற பதினாறு வயசுப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அகலப்பாதையில் கடைசிக் கரி எஞ்சின் வண்டி 1995 டிசம்பர் 6 அன்று ஜலந்தரிலிருந்து ஃபெரோஸ்பூருக்குப் போனது. இந்தப் பையன்களின் அப்பா அம்மாவுக்கே அப்போது கல்யாணம் ஆகியிருக்காது. இவர்கள் எதை நினைத்து ஏங்குவார்கள்? எந்த எஞ்சின் எந்த ஷெட், ஏன் அது இங்கே வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பையன் கம்ப்யூட்டர் வேலையா என்று நீங்கள் எழுதவில்லை. குர்காவுன் என்பதால் அப்படித்தான் இருக்கும். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1946இல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். மேலே ரயில் ஓட, பலகைக்கு அடியில் பழைய டெலிபோன் ரிலேக்களை (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்சுகள்) வைத்து வயரிங் செய்வதற்கென்றே ஒரு கோஷ்டி இருந்தது. அந்தக் கோஷ்டியின் பேச்சு வழக்கிலிருந்துதான் 'ஹேக்' என்ற சொல் கம்ப்யூட்டர் உலகத்துக்குப் போனது. அப்பாவின் பலகைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நானும் ஒருகாலத்தில் இதில் இறங்கியவன்தான். தொண்ணூறுகளில் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடைத்தெருவில் இங்கிலாந்து மாடல் ரயில் பத்திரிகைகள் ஒரு கட்டுக் கிடைத்தன. செங்கோட்டை எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் சின்ன மோட்டார்கள், சால்டரிங் அயர்ன் எல்லாம் வாங்கினேன். ஒரு முழு ஜங்ஷன் கட்டுவதாகத் திட்டம். இரண்டு வருஷத்தில் நான் கட்டி முடித்தது, வண்டிக்குச் சிக்னல் காட்டுகிற ஒரே ஒரு கைகாட்டி மரம். தில்லியின் மே மாதத் தூசி தண்டவாளத்தில் படிந்தால் எஞ்சினுக்குக் கரன்ட் ஏறாது, துடைத்துத் துடைத்தே அலுத்துவிட்டது. (துடைப்பத்தை உள்ளே விடாததில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, மன்னியுங்கள்.)

அந்தக் கைகாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். கை நேராக நின்றால் நில், கீழே சாய்ந்தால் போ. தையல் நூல் ஒன்றைக் கட்டி, இழுத்தால் கை சாய்கிற மாதிரி செய்தேன். திரும்ப நேராக்க இன்னொரு நூல். பிரமாதமாக வேலை செய்தது. ஒருநாள் நேராக்குகிற நூல் அறுந்தது. கை தன் கனத்திலேயே தொப்பென்று கீழே விழுந்து, 'போ, போ' என்று சொல்லிக்கொண்டு தொங்கியது. எனக்கு ஒரு நிமிஷம் உடம்பு சில்லிட்டது. நிஜக் கைகாட்டியில் கம்பத்தில் ஏன் ஒரு இரும்புக் கனம் தொங்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பி அறுந்தால் அந்தக் கனம் கையைத் தானாகவே 'நில்'லுக்குத் தூக்கிவிடும். வேலை கெட்டால் வண்டி நிற்கவேண்டும், ஓடக்கூடாது.

இதை ரயில்வேக்காரர்கள் சும்மா உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் 1876 ஜனவரியில் கடும் பனி. அந்தக் காலத்து கைகாட்டியில் 'போ' என்றால் கை கம்பத்தின் பிளவுக்குள் இறங்கிவிடும். வழக்கமாகவே அது 'போ'வில்தான் கிடக்கும், ஆபத்து என்றால் மட்டும் தூக்குவார்கள். அன்று பனி அந்தப் பிளவில் உறைந்து கை மாட்டிக்கொண்டது. சிக்னல்மேன் தூக்கப் பார்த்தார், கை எழும்பவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி முழு வேகத்தில் வந்து நிலக்கரி வண்டியில் மோதியது, அந்தச் சிதைவில் இன்னொரு எக்ஸ்பிரஸ் வந்து மோதியது. அதற்குப் பிறகுதான் கைகாட்டி வழக்கமாக 'நில்'லில் இருக்கவேண்டும் என்று மாறியது. நான் கரோல் பாக் மொட்டைமாடியில் நூலும் அட்டையும் வைத்துக்கொண்டு, அவர்கள் நூற்றிருபது வருஷம் முன்னால் செய்த அதே தப்பைச் செய்திருக்கிறேன். புத்தகத்தில் படித்திருந்தால் அரைமணி நேரத்தில் மறந்திருப்பேன்.

ஒற்றைப் பாதையில் டிரைவர் ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டிப் பிரம்பு வளையத்தை வாங்குவாரே, அதுவும் இப்படித்தான். அந்த வளையத்தின் பையில் ஒரு இரும்புக் குண்டு இருக்கும். இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு குண்டு வெளியே இருந்தால் இன்னொன்றை யாராலும் எடுக்க முடியாது, ஸ்டேஷன் மாஸ்டரே நினைத்தாலும். குண்டு கையில் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. சின்ன வயசில் அந்த வளையத்தைப் பார்த்து நாம் கை தட்டியிருப்போம். அதற்குள் என்ன இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு வயது நாற்பது.

மருமகளிடம் திரும்பவும் ஒரு வார்த்தை. சுரண்டலுக்குப் போட்ட பாதை என்பதைத் தெரிந்துகொண்டால் ரயில் கசந்துபோகும் என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு நேர்மாறாகத்தான் ஆனது. சாணக்யபுரி அருங்காட்சியகத்தில் 1909இல் அஹமத்பூர் ஸ்டேஷனிலிருந்து ஒகில் சந்திர சென் என்ற பயணி ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறார்கள். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, வண்டி நின்றபோது ஒதுங்கப் போயிருக்கிறார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் வேட்டி, ஓடி வந்து பிளாட்பாரத்தில் ஆண் பெண் எல்லோர் முன்னாலும் விழுந்து மானம் போயிற்று, அந்த கார்டுக்குப் பெரிய அபராதம் போடுங்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். எல்லோரும் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பம்பாயிலிருந்து தானாவுக்கு முதல் வண்டி ஓடியது 1853இல். ஐம்பத்தாறு வருஷம் கழித்தும், பணம் கொடுத்து டிக்கெட் எடுத்த சாதாரண ஜனங்கள் பெட்டியில் ஒரு கக்கூஸ் இல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். லண்டனுக்குப் பணம் மட்டும் தவறாமல் போனது. உங்கள் மருமகள் வகுப்பில் சொல்வதை அந்த ஒரு தாள் சொல்லிவிடுகிறது. அவரையும் ஒருநாள் அழைத்துப் போங்கள்.

அந்த அருங்காட்சியகம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று ஃபேரி குயின் எஞ்சின், முன்பு அங்கே இருந்தது, பிறகு ரேவாரி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1855இல் லீட்ஸ் நகரத்தில் செய்தது, 1909இல் ஓய்வு. அதை எழுப்பித் திரும்ப ஓடவைத்தவர்கள் நம் பெரம்பூர் ஒர்க்ஷாப் ஆட்கள். 1997இல் தில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடியது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று ஆபீஸில் வங்காளி நண்பர்களிடம் நான் அடித்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் எஞ்சின் எங்கள் கையால் பிழைத்தது என்று. (அது ஹவுரா பக்கம் ஓடிய வண்டி.)

இரண்டாவது, போனால் நீங்கள் தவறவிடக்கூடாத பாட்டியாலா சமஸ்தானத்தின் மோனோரயில், 1907இல் ஓடத் தொடங்கியது. ரோட்டு ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளம். பாரத்தின் பெரும்பகுதியை அது தாங்கும். வண்டி சாய்ந்துவிடாமல் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டிலேயே உருளும். அகலம் என்ற தொல்லையே இல்லாத ரயில். உங்கள் வீட்டுக்காரரை அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மனசு ஆறலாம்.

செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஜி.டி. போகும் வழியில் குவாலியர் வருகிறதே, அங்கே ஜெய் விலாஸ் அரண்மனையில் மகாராஜா சாப்பாட்டு மேசைமேல் தண்டவாளம் போட்டு, வெள்ளியில் செய்த ரயிலில் விருந்தாளிகளுக்கு மதுவும் சுருட்டும் அனுப்பினார். இன்னும் காட்சிக்கு இருக்கிறது. மகாராணி என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வாஷிங் மெஷின் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

அந்தப் பாயின்ட்ஸ்மேன் போனை மட்டும் தடுக்காதீர்கள். ராத்திரி பத்து மணி என்பது அவருக்கு அகாலம் இல்லை, பாதி வாழ்க்கை நைட் டியூட்டி பார்த்தவராக இருப்பார். தண்ணீர்த் தூண் எந்தப் பக்கம் என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. அகலப்பாதை போட்டபோது பழைய ஸ்டேஷனில் எவ்வளவோ போயிருக்கும். பலகையில் தூணை எங்கே நடுவது என்று ஒருவர் தவித்தால்தான் அந்தக் கேள்வியே பிறக்கும்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். அவர் வாங்கி வைத்திருக்கும் தண்டவாளப் பெட்டியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். 12 என்றால் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், நிஜத்தில் நாலு சென்டிமீட்டர் சொச்சம், யாருக்கும் தெரியாது, தூங்கச் சொல்லுங்கள். 9 என்றால் கஷ்டம். 87ஆல் பெருக்கினால் 783 வரும், மீட்டர் கேஜ் அதைவிடக் குறுகலான நேரோ கேஜ் ஆகிவிடும். 16.5 என்றால் அவரிடம் எதுவும் சொல்லவேண்டாம், எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள், யோசிப்போம்.

அப்புறம், அந்தத் தண்ணீர்த் தூண் கடைசியில் எந்தப் பக்கம் இருந்ததாம்? கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.